கல்லூரிப் படிப்பும் வயிற்றுப்பாடும்

நம் கல்விச் சங்கத்தின் வெள்ளிவிழா மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டுமென்று சங்கச் செயலாளர் அவர்கள் என்னைப் பணித்தபொழுது, நம் சேரிகளில் பள்ளிகள் தோன்றிய வரலாற்றை எழுதலாம் என்றே எண்ணியிருந்தேன். குறிப்புகளும் எடுத்து வைத்திருந்தேன். ஆனால் அவ்வாரத்தில் நடந்த ஒரு சிறு நிகழ்ச்சி என் எண்ணத்தை மாற்றிவிட்டது.

என் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்புத் தேறிய மாணவன் ஒருவனுக்கு வெளியூர்க் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. அவன் தந்தையார் கூலி வேலை செய்பவர். மகனையும் அழைத்துக்கொண்டு, சேர்க்கைக் கடிதத்தை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்தார். நான் மகிழ்ச்சி தெரிவித்தேன். அவர் மகிழ்ந்ததாகத் தெரியவில்லை. "சீட்டு கிடைச்சிருச்சுங்க அய்யா. பீசும் அதிகமில்லேன்னு சொல்றாங்க. அங்க போயி இவன் எங்க தங்குவான், என்னத்தத் திம்பான்? அதச் சொல்லுங்க" என்றார்.

முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஆசிரியத் தொழில் பார்ப்பவன் நான். கல்வியின் பெருமையைப் பற்றி எத்தனையோ மேடைகளில் பேசியிருக்கிறேன். இந்தக் கேள்விக்கு உடனே விடை சொல்ல என் நா எழவில்லை. ஆயினும் இது புதிய கேள்வியன்று. நம் மக்கள் கல்லூரி வாயிலை மிதித்த நாள்தொட்டு இருந்துவரும் கேள்வி. நம்மவருள் தலைசிறந்த கல்விமானாகிய அண்ணல் அம்பேத்கர் அவர்களே இக்கேள்வியோடு ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகள் போராடியவர்தாம். அவர் எழுதிய நூல்களையும் அவர் வகுத்த அரசியல் சட்டத்தையும் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். மாணவராயிருந்த நாளில் அவர் எங்கே தங்கினார், எதை உண்டார், அதற்குப் பணம் எங்கிருந்து வந்தது என்பதைப் பேசுவது குறைவு. அந்தக் கணக்கைத்தான் ஈண்டு எழுத முற்படுகிறேன்.

அண்ணலின் தந்தையார் இராம்ஜி சக்பால் இராணுவத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர். குடும்பம் பம்பாய்க்குக் குடிபெயர்ந்தபின், ஆலைத் தொழிலாளர் வாழும் பரேல் பகுதியில் ஒரே ஓர் அறையில் வாழ்ந்தது. சமையலும் அங்கேதான்; படிப்பும் அங்கேதான்; உறக்கமும் அங்கேதான். எல்லோரும் ஒருசேரப் படுக்க இடமில்லாத அந்த அறையில், மகனை முன்னிரவில் உறங்கச் செய்து, தாம் விழித்திருந்து, பின்னிரவு இரண்டு மணிக்கு மகனை எழுப்பிப் படிக்க வைத்துவிட்டுத் தந்தையார் அந்த இடத்தில் படுத்துக்கொள்வாராம். இதனை அண்ணலின் வரலாற்றை எழுதிய தனஞ்செய் கீர் குறிப்பிடுகின்றார்.

மகன் கேட்ட புத்தகங்களை வாங்கக் கையில் காசில்லாத நாளில், இராம்ஜி மணமாகிப் போன தம் பெண்களின் வீட்டுக்குச் சென்று, அவர்தம் நகையை வாங்கி வந்து அடகு வைத்து வாங்கிக் கொடுத்தார். ஓய்வூதியம் வந்ததும் மீட்டுக் கொடுப்பது வழக்கம். அண்ணன் ஆனந்தராவ் படிப்பை நிறுத்திக்கொண்டு வேலைக்குப் போனார். இருவரையும் படிக்க வைக்க அக்குடும்பத்தால் இயலவில்லை என்பதே காரணம். ஒருவர் படித்தார் என்று நாம் எழுதும் ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் அக்காளின் நகையும் அண்ணனின் கூலியும் மறைந்து கிடக்கின்றன. நம் ஊரிலும் அப்படித்தான். பெயர்களை எழுதினால் இம்மலர் போதாது.

1907-ஆம் ஆண்டு அவர் மெட்ரிகுலேஷன் தேறினார். பாராட்டுக் கூட்டம் ஒன்று நடைபெற்றது. அக்கூட்டத்தில் கிருஷ்ணாஜி அர்ஜுன் கேலுஸ்கர் என்னும் ஆசிரியர், தாம் எழுதிய புத்தர் வரலாற்று நூலை அவருக்குப் பரிசளித்தார். பாராட்டும் மாலையும் ஒரு நாளோடு முடிந்துவிடும். எல்பின்ஸ்டன் கல்லூரியில் சேர்ந்த பின், இண்டர்மீடியட் முடிந்த நிலையில், மேலே படிக்க வழியில்லை என்ற கட்டம் வந்தது. அப்பொழுது அதே கேலுஸ்கர், பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாடிடம் அம்மாணவரை அழைத்துச் சென்று பேட்டி காண வைத்தார். மன்னர் மாதம் 25 ரூபாய் உதவித்தொகை அளித்தார். முல்லர் என்னும் பேராசிரியர் புத்தகமும் உடையும் கொடுத்து உதவினார். 1912-இல் பி.ஏ. பட்டம் கிட்டிற்று.

கேலுஸ்கர் மராத்தி எழுத்தாளர். நம் சமூகத்தவர் அல்லர். மாணவனைப் பாராட்டியதோடு நில்லாமல் அவனுக்குச் சோற்றுக்கு வழி என்ன என்று கேட்ட ஆசிரியர் அவர். என் போன்ற தலைமையாசிரியர்கள் அவர் படத்தைத் தம் அறையில் மாட்டி வைக்கலாம்.

1913-ஆம் ஆண்டு பிப்ரவரியில் இராம்ஜி காலமானார். அவ்வாண்டே பரோடா மன்னர் சில மாணவரை அமெரிக்காவுக்கு அனுப்ப முடிவு செய்தார். அண்ணலுக்கு மாதம் பதினொன்றரைப் பவுன் வீதம் மூன்றாண்டுகளுக்கு உதவித்தொகை. படித்து முடித்தபின் பரோடா அரசில் பத்தாண்டுகள் பணிபுரிய வேண்டும் என்பது ஒப்பந்தம். அக்காலத்தில் ஒரு பவுனுக்கு 15 ரூபாய். ஆகவே மாதத்துக்கு 172 ரூபாய் 8 அணா. பம்பாயில் 25 ரூபாய் பெற்றவருக்கு இது பெருந்தொகையாகத் தோன்றியிருக்கும். ஆனால் நியூயார்க் நகரத்தில் அது ஏறத்தாழ 56 டாலர்தான். அதில் அறை வாடகை, உணவு, உடை, புத்தகம் எல்லாம் அடங்க வேண்டும்.

1913 சூலையில் கொலம்பியா பல்கலைக்கழகத்தை அடைந்தவர், முதலில் ஹார்ட்லி விடுதியில் தங்கினார். அங்குள்ள உணவு ஒத்துக்கொள்ளவில்லை. பின்னர் காஸ்மோபாலிடன் கிளப், அதன் பின்னர் லிவிங்ஸ்டன் விடுதி என்று இடம் மாறினார். லிவிங்ஸ்டன் விடுதியில் நவல் பதேனா என்னும் பார்சி இளைஞர் அவருடைய அறைத்தோழரானார். இப்பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுமாறு இளைஞர்களை வேண்டுகிறேன்; மீண்டும் வரும்.

நாடகம், கேளிக்கை, பகட்டான உடை ஆகிய எதையும் அவர் நாடவில்லை. ஒன்றில் மட்டும் கை நீண்டது. பழைய புத்தகக் கடைகளில் ஏறத்தாழ இரண்டாயிரம் நூல்களை வாங்கிச் சேர்த்தார். வயிற்றைக் குறைத்துப் புத்தகம் வாங்கும் இவ்வழக்கத்தை மாணவர்கள் அப்படியே பின்பற்ற வேண்டுமென்று நான் சொல்லமாட்டேன். நூலகம் இருக்கிறது. பதினெட்டு வயதுப் பிள்ளை மூன்று வேளை உண்ண வேண்டும்.

1915-இல் எம்.ஏ. பட்டம் பெற்று, அடுத்த ஆண்டில் இலண்டன் சென்று, பொருளாதாரப் பள்ளியிலும் கிரேஸ் இன் என்னும் வழக்கறிஞர் கழகத்திலும் சேர்ந்தார். ஆனால் உதவித்தொகைக் காலம் முடிந்துவிட்டது. படிப்பை இடையிலே நிறுத்தித் திரும்ப வேண்டியதாயிற்று. பேராசிரியர் எட்வின் கேனன் உதவியால், நான்காண்டுகளுக்குள் திரும்பி வந்து படிப்பைத் தொடரலாம் என்ற அனுமதியை மட்டும் பெற்றுக்கொண்டு 1917 ஆகஸ்டில் பம்பாய் வந்து சேர்ந்தார். அவர் நூல்களுள் பலவற்றை ஏற்றி வந்த கப்பல் உலகப் போரில் தகர்க்கப்பட்டு மூழ்கிற்று.

கொலம்பியாவிலும் இலண்டனிலும் பயின்ற இவ்வறிஞர், ஒப்பந்தப்படி பணிபுரியப் பரோடா சென்றபொழுது நடந்ததை நாம் ஊன்றிக் கவனித்தல் வேண்டும். தங்குவதற்கு இடம் கிடைக்கவில்லை. இந்துக்களின் விடுதி எதுவும் ஏற்காது என்பது தெரிந்ததே. ஒரு பார்சி விடுதியில், பதிவேட்டில் பார்சிப் பெயர் ஒன்றை எழுதி, உணவுக்கும் இடத்துக்குமாக நாளொன்றுக்கு ஒன்றரை ரூபாய் கொடுத்துத் தங்கினார். பத்து நாள் கழிந்தது. பதினோராம் நாள் காலையில் பார்சிகள் கூட்டம் ஒன்று தடிகளோடு வந்து, மாலைக்குள் வெளியேற வேண்டும் என்று மிரட்டிச் சென்றது. நண்பர் இருவரைக் கேட்டுப் பார்த்தார். ஒருவர் இந்து, ஒருவர் கிறித்தவர். இருவரும் தத்தம் வீட்டு நிலைமையைச் சொல்லி மறுத்துவிட்டனர். பொதுப் பூங்கா ஒன்றில் பல மணி நேரம் அமர்ந்திருந்துவிட்டு, இரவு இரயிலேறிப் பம்பாய் திரும்பினார். விசாவுக்காகக் காத்திருத்தல் என்ற தம் நினைவுக் குறிப்பில் இதனை அவரே எழுதியிருக்கிறார்.

இங்கே பணம் இல்லாமையால் அவர் வெளியேறவில்லை. நாளொன்றுக்கு ஒன்றரை ரூபாய் கொடுக்க அவரிடம் பணம் இருந்தது. ஆயினும் அறை இல்லை. வெளியூரில் படிக்கப் போகும் மற்றச் சமூகத்து மாணவனுக்கு வாடகை என்பது ஒரு தொகை மட்டுமே. நம் மாணவனுக்கோ அது ஒரு தொகையும் அதற்கு மேல் ஒரு கேள்வியுமாகும். "தம்பி, நீங்க எந்த ஊரு, ஊருக்குள்ள எந்தத் தெரு?" என்று வீட்டுக்காரர் கேட்பாரே, அந்தக் கேள்வி. நம் முன்னோர் இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் கோயம்புத்தூரில் படித்த நாளைப் பற்றி 1939-இல் வெளிவந்த தம் ஜீவிய சரித்திரச் சுருக்கத்தில் எழுதியிருக்கிறார். ஏறத்தாழ நானூறு மாணவருள் பத்துப் பேர் தவிர எஞ்சியோர் பார்ப்பனராக இருந்த கல்லூரி அது. தம் குலமும் குடியிருப்பும் வெளியே தெரிந்துவிடுமோ என்றஞ்சி, பிற மாணவரோடு கலந்து விளையாடாமல், மணி அடிக்கும்வரை வெளியே தனித்திருந்து படித்துவிட்டு உள்ளே நுழைந்தவர் அவர். இந்த அச்சத்தை எந்த உதவித்தொகைப் பட்டியலிலும் சேர்க்க முடியாது. ஆயினும் அதுவும் செலவுதான். ஊர் எல்லையில் வாடகை அறை எடுத்து இரண்டு பேருந்து மாறிக் கல்லூரிக்குப் போகும் நம் பிள்ளைக்கு அது செலவாகவே வந்து விடிகிறது.

இலண்டன் படிப்பை முடிக்க வேண்டுமே! 1918 நவம்பரில் பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் மாதம் 450 ரூபாய் ஊதியத்தில் பேராசிரியர் பணி கிடைத்தது. அவ்வளவு ஊதியம் பெற்றும் தொழிலாளர் குடியிருப்பிலேயே இருந்து, வீட்டுச் செலவை இறுக்கிப் பிடித்துப் பணம் சேர்த்தார். கோலாப்பூர் மன்னர் சாகு மகராஜ் உதவினார். நவல் பதேனா 5,000 ரூபாய் கடன் கொடுத்தார். அமெரிக்காவில் அறையைப் பகிர்ந்துகொண்டவர் இலண்டன் படிப்புக்கு வழி செய்தார். 1920 சூலையில் அண்ணல் மறுபடியும் கப்பலேறினார்.

இவ்விரண்டாம் இலண்டன் வாழ்க்கையே வறுமையின் உச்சம். தங்கியிருந்த விடுதியின் உரிமையாளரான அம்மையார் காலையில் கொடுப்பது ஒரு ரொட்டித் துண்டும் சிறிது மீனும் ஒரு கோப்பைப் பானமும். அதனை உண்டுவிட்டு, அருங்காட்சியக நூலகம் திறக்கும் நேரத்தில் வாயிலில் நிற்பார். நண்பகல் உணவு கிடையாது. காசும் மிச்சம், நேரமும் மிச்சம். நூலகத்தை மூடும்பொழுது காவலர் வந்து எழுப்பினால்தான் எழுவார். பேருந்துக் கட்டணத்துக்கு அஞ்சிப் பல நாள் நடந்தே சென்றார். இரவு விடுதியில் கிடைக்கும் இறைச்சிச் சாறும் பிஸ்கோத்தும் பத்து மணிக்குள் செரித்துவிடும். அதன் பின் விடியும்வரை படிப்பு. குஜராத்தி நண்பர் ஒருவர் கொடுத்த அப்பளக் கட்டிலிருந்து நான்கு அப்பளத்தை எடுத்துத் தகரத் தட்டில் சுட்டுத் தின்று பசியாறுவார் என்று கீர் எழுதுகிறார். அண்ணல் 1921, 1922-ஆம் ஆண்டுகளில் வாழ்ந்த கிங் ஹென்றி சாலை பத்தாம் எண் இல்லத்தை மகாராட்டிர அரசு 2015-இல் விலைக்கு வாங்கி நினைவில்லமாக ஆக்கியது. அங்கே போய்ப் பார்ப்பவர்கள் அப்பளத்தையும் நினைத்துக்கொள்வார்களாக.

இதில் மற்றொரு துன்பமும் சேர்ந்தது. ரூபாயாகச் சேர்த்து எடுத்துச் சென்ற பணம் பவுனாக மாறவேண்டும். 1920-இன் தொடக்கத்தில் ஒரு ரூபாய்க்கு இரண்டு ஷில்லிங்குக்கு மேல் கிடைத்தது. 1921-இல் அது ஒரு ஷில்லிங் நான்கு பென்சுக்கும் கீழே போய்விட்டது. பம்பாயில் எண்ணி வைத்த அதே ரூபாய் இலண்டனில் சுருங்கிப்போயிற்று. 1921 செப்டம்பரில் சாகு மகராஜுக்குக் கடிதம் எழுதி 200 பவுன் கடன் கேட்டார். ரூபாயின் மதிப்பு ஏறி இறங்குவதன் காரணத்தையும் அதனால் விளையும் கேட்டையும் ஆராய்ந்து அவர் எழுதிய டி.எஸ்சி. ஆய்வுதான் ரூபாயின் பிரச்சினை என்னும் புகழ்பெற்ற நூல். பொருளாதாரம் படித்தவர்கள் அந்நூலின் கொள்கையைப் பற்றிப் பேசுவார்கள். எனக்கோ, அடுத்த வார வாடகைக்கு எத்தனை ரூபாய் மாற்ற வேண்டும் என்று கணக்குப் போட்ட மாணவரின் கையெழுத்தும் அதில் தெரிவதாகவே படுகிறது. அது என் கற்பனையாக இருக்கலாம்.

பம்பாயில் அன்னை ரமாபாய் பட்ட துன்பத்தைத் தனிக் கட்டுரையாகவே எழுத வேண்டும். ஈன்ற மக்கள் ஐவருள் யஷ்வந்த் ஒருவரே எஞ்சினார் என்ற ஒரு செய்தியை மட்டும் இங்கே வைக்கிறேன். இலண்டன் வாழ்க்கைச் செலவின் ஒரு பகுதியை அவ்வம்மையார் பம்பாயில் செலுத்தினார்.

1921-இல் எம்.எஸ்சி.யும், 1922-இல் பாரிஸ்டர் பட்டமும் கிட்டின. டி.எஸ்சி. ஆய்வில் சில திருத்தங்கள் செய்யுமாறு தேர்வாளர் கூறினர். இலண்டனில் தங்கித் திருத்தப் பணமில்லை. 1923 ஏப்ரலில் பம்பாய் திரும்பி, இங்கிருந்தே திருத்தி அனுப்பினார்; அவ்வாண்டு இறுதியில் பட்டம் வந்தது. கொலம்பியாவின் டாக்டர் பட்டத்துக்கு ஆய்வேட்டை அச்சிட்டுக் கொடுக்க வேண்டும் என்பது விதி. அது 1925-இல் அச்சேறி, பட்டம் முறைப்படி 1927-இல்தான் வழங்கப்பட்டது.

இத்துணைத் துன்பம் பட்டவர் பொதுவாழ்வில் இறங்கியதும் செய்த முதற்பணிகளுள் ஒன்று என்ன? 1924 சூலையில் ஒதுக்கப்பட்டோர் நலச் சங்கமாகிய பகிஷ்கிருத ஹிதகாரிணி சபையைத் தொடங்கினார். அச்சபை 1925 சனவரியில் ஷோலாப்பூரில் நம் மாணவர்க்கு ஒரு விடுதியைத் திறந்தது. பள்ளியை அன்று, விடுதியை! 1928-இல் ஒடுக்கப்பட்ட வகுப்பினர் கல்விக் கழகத்தை நிறுவி, பம்பாய் அரசின் மானியத்தோடு உயர்நிலைப் பள்ளி மாணவர்க்கு விடுதிகளை நடத்தினார். கல்லூரி அமைத்தது பின்னர்தான். நம் பிள்ளைகளின் படிப்பு வகுப்பறையில் முறிவதில்லை, வகுப்பு முடிந்து வெளியே வந்து எங்கே போவது என்று நிற்கும் இடத்தில்தான் முறிகிறது என்பதை அவர் தம் உடம்பால் அறிந்திருந்தார்.

இவ்வுண்மையை அவருக்கு முன்னும் சிலர் கண்டிருந்தனர். சாகு மகராஜ் 1901 முதற்கொண்டு கோலாப்பூரில் ஒவ்வொரு சமூகத்துக்கும் விடுதி அமைத்தார். 1908-இல் தீண்டப்படாதோர்க்கும் மிஸ் கிளார்க் விடுதி ஏற்பட்டது. நம் தமிழ்நாட்டில் சுவாமி சகஜானந்தர் 1916-இல் சிதம்பரத்தில் நந்தனார் பள்ளியைத் தொடங்கி, வெளியூர்ப் பிள்ளைகள் தங்கி உண்டு படிக்கும் இடமாகவும் அதனை வளர்த்தார். சென்னை மாகாணத்தில் தொழிலாளர் ஆணையரின் துறை நம் மாணவர்க்கு உதவித்தொகையும் விடுதியும் அளித்து வந்தது. இவை போதுமானவை அல்ல. ஆனால் இவற்றின் வழியாகப் படித்து வந்தவர்களே நம் மாவட்டங்களில் முதல் ஆசிரியர்களாகவும் முதல் எழுத்தர்களாகவும் ஆனார்கள்.

1942-இல் அண்ணல் வைசிராயின் நிர்வாகக் குழுவில் உறுப்பினரானார். அவ்வாண்டு அக்டோபரில், தாழ்த்தப்பட்டோர் குறைகளைத் தொகுத்து வைசிராய் லின்லித்கோவிடம் ஒரு மனு அளித்தார். அதில் உயர்கல்விக்கு உதவித்தொகையும் வெளிநாட்டுப் படிப்புக்கு உதவியும் கேட்டிருந்தார். இந்துப் பல்கலைக்கழகத்துக்கும் முஸ்லிம் பல்கலைக்கழகத்துக்கும் இந்திய அரசு ஆண்டுதோறும் மானியம் அளிக்கிறதே, எம்மவர்க்கு என்ன அளிக்கிறது என்பது அவர் கேள்வி. அதன் விளைவாக ஆண்டுக்கு 3 இலட்சம் ரூபாய் ஒதுக்கப்பட்டது. 1944-ஆம் ஆண்டு தொடங்கிய அந்த உதவித்தொகையே இன்று நாம் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை என்று சொல்வது. படிவம் நிரப்பும் இளைஞர்கள் இவ்வரலாற்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அலுவலக மேசைக்கு முன் குறுகி நின்று கேட்பதற்கு அது எவரும் போடும் பிச்சையன்று. மன்னரின் கருணையையும் நண்பரின் கடனையும் நம்பிப் படித்த ஒருவர், தமக்குப் பின் வருபவர் அவ்வாறு அலையக் கூடாது என்று அரசிடமிருந்து பெற்றுத் தந்த பாத்தியதை.

கட்டணத்தோடு பராமரிப்புப் படி என்ற ஒன்றும் அத்திட்டத்தில் உண்டு. உண்பதற்கும் தங்குவதற்கும் உரியது அதுவே. 1945-இல் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவி, 1946-இல் பம்பாயில் சித்தார்த்தா கல்லூரியைத் திறந்தபொழுது, பகலில் வேலை பார்த்துப் பிழைக்கும் மாணவர்க்கென்று காலை வகுப்புகளை அமைத்ததும் அதே நோக்கில்தான்.

இனி, இன்றைய கணக்குக்கு வருவோம். 2010-ஆம் ஆண்டு விதிப்படி, பி.ஏ., பி.எஸ்சி. போன்ற பட்டப் படிப்பில் விடுதியில் தங்கிப் படிக்கும் தாழ்த்தப்பட்ட மாணவனுக்குப் பராமரிப்புப் படி மாதம் 570 ரூபாய். வீட்டிலிருந்து வருபவனுக்கு 300 ரூபாய். 2021-இல் வெளியான வழிகாட்டு நெறிகளில் இது ஆண்டுக்கு 6,000 ரூபாய் என்றும் 3,000 ரூபாய் என்றும் மாற்றப்பட்டது. கல்வியாண்டின் பத்து மாதத்துக்கு வகுத்துப் பாருங்கள். விடுதி மாணவனுக்கு மாதம் 600. வெளி மாணவனுக்கு அதே 300. பதினோர் ஆண்டுகளில் முன்னவனுக்கு 30 ரூபாய் கூடிற்று. பின்னவனுக்கு ஒரு காசும் கூடவில்லை. பொறியியல், மருத்துவம் போன்ற படிப்புகளின் விடுதி மாணவர்க்கு ஆண்டுக்கு 13,500 ரூபாய். குடும்ப வருமான வரம்பு இரண்டரை இலட்சம். அரிசி விலையும் எண்ணெய் விலையும் இவ்வாண்டுகளில் எவ்வளவு ஏறின என்பதை உங்கள் அன்னையரைக் கேட்டுத் தெரிந்துகொள்க. அண்ணலின் ரூபாய் இலண்டனில் சுருங்கியது போல நம் மாணவனின் ரூபாய் நம் ஊரிலேயே சுருங்கிவிட்டது.

தமிழ்நாட்டில் அரசு விடுதிகள் இருப்பது நமக்கு ஆறுதல். 2025 சூலையில் அவற்றுக்குச் சமூகநீதி விடுதிகள் என்று பெயர் மாற்றினார்கள். கல்லூரி மாணவர் விடுதிக்கான உணவுப் படி 2023-இல் மாதம் 1,100 ரூபாயிலிருந்து 1,500 ரூபாயாக உயர்த்தப்பட்டது. நாளொன்றுக்கு 50 ரூபாய். மூன்று வேளைக்கும் அதுவே. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குச் செல்லும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரிலும், ஆண்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டிலும் தொடங்கப்பட்டன. இவை நம் பிள்ளைகளுக்குப் பெரிதும் உதவுபவை. விண்ணப்பிக்கத் தெரியாமல் விட்டவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள் என்பது வெட்கத்துக்குரியது. அவ்வெட்கத்தில் என் போன்ற தலைமையாசிரியர்களுக்கே பெரும்பங்கு. சாதிச் சான்று, வருமானச் சான்று, மாணவன் பெயரிலேயே ஆதார் இணைந்த வங்கிக் கணக்கு ஆகியவற்றைத் தேர்வு முடிவு வரும் முன்னரே எடுத்து வைக்க வேண்டும். சூன் மாதத்தில் தாலுகா அலுவலகத்தில் நிற்கும் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை விளங்கும்.

ஆனால் தொகை சிறிதா பெரிதா என்பதைக் காட்டிலும் கொடிய கேள்வி ஒன்றுண்டு. அது எப்பொழுது வரும் என்பதே. பரோடா மன்னரின் 25 ரூபாய் மாதாமாதம் கைக்கு வந்தது. நான் பி.ஏ. படித்த காலத்தில், 1980-களின் இறுதியில், எங்கள் உதவித்தொகை ஆண்டு முடியும் தறுவாயில் மொத்தமாக வரும். அதுவரை மெஸ் பாக்கி ஏறிக்கொண்டே போகும். பாக்கிப் பட்டியலை உணவுக் கூடத்து வாயிலில் ஒட்டுவார்கள். எங்கள் பெயர்கள் வரிசையாக அதில் இருக்கும். தட்டை எடுத்துக்கொண்டு அதைக் கடந்துதான் உள்ளே போக வேண்டும். என் அறைத்தோழன் என்னைக் காட்டிலும் நன்றாகப் படிப்பவன். நவம்பர் மாதத்தில் அவனுக்குச் சாப்பாட்டை நிறுத்திவிட்டார்கள். இரண்டு நாள் என் தட்டில் பங்கிட்டுக்கொண்டோம். மூன்றாம் நாள் நான் வகுப்பிலிருந்து திரும்பியபொழுது பெட்டியைக் காணவில்லை. தந்தையோடு செங்கல் சூளைக்குப் போய்விட்டான் என்று பிறகு அறிந்தேன். அவனுடைய உதவித்தொகை மார்ச்சு மாதம் வந்தது. பெயரைப் படித்தார்கள்; கையொப்பமிட ஆளில்லை. பாக்கித் தொகையைக் காட்டிலும் வந்த தொகை மிகுதியாகவே இருந்தது.

ஆதலால் நம் சங்கத்தின் முன் ஒரு வேண்டுகோளை வைக்கிறேன். இருபத்தைந்து ஆண்டுகளாக நாம் பரிசளித்திருக்கிறோம், பாராட்டியிருக்கிறோம், நோட்டுப் புத்தகம் வழங்கியிருக்கிறோம். முதலாண்டு மாணவனுக்கு, சேர்ந்த நாளிலிருந்து உதவித்தொகை கைக்கு வரும் நாள்வரை, உணவுக்கும் தங்கும் இடத்துக்கும் முன்பணம் கொடுத்து, தொகை வந்ததும் திரும்பப் பெற்றுக்கொள்ளும் நிதி ஒன்றை ஏற்படுத்த வேண்டும். அது நன்கொடையன்று, சுழன்றுகொண்டே இருக்கும் பணம். இராம்ஜி தம் பெண்களிடம் நகை வாங்கி அடகு வைத்து, ஓய்வூதியம் வந்ததும் மீட்டுக் கொடுத்தாரே, அதையே ஒரு சங்கம் செய்வது. வேலையில் இருக்கும் உறுப்பினர் ஒவ்வொருவரும் ஒரு மாத ஊதியத்தில் பத்தில் ஒரு பங்கை ஒரே ஒரு முறை கொடுத்தால் தொடங்கிவிடலாம். நான் என் பங்கைச் செயலாளரிடம் கொடுத்திருக்கிறேன். இரசீது இன்னும் தரவில்லை. கணக்கில் எந்தத் தலைப்பில் வைப்பது என்று பொருளாளரைக் கேட்டுச் சொல்வதாகக் கூறினார்.

சட்டைப் பையில் கடிதத்தோடு வந்த தந்தையாருக்கு நான் என்ன விடை சொன்னேன் என்று கேட்பீர்கள். பரேல் அறையின் கதையைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "அவங்க அப்பாரும் நகையத்தான் வச்சாரா?" என்று ஒன்று மட்டும் கேட்டார். மறு வாரம் மகனைக் கல்லூரியில் சேர்த்துவிட்டு வந்தார். அரசு விடுதியில் இடத்துக்கு எழுதிப் போட்டிருக்கிறது, பட்டியல் வெளிவரவில்லை. அதுவரை கல்லூரிக்கு எதிரில் உள்ள ஒரு மெஸ்ஸில் சாப்பிட்டுக்கொண்டு, மூத்த மாணவர் மூவரோடு ஓர் அறையில் இருக்கிறான். மெஸ்காரருக்கு ஒவ்வொரு மாதமும் 5-ஆம் தேதிக்குள் பணம் கட்ட வேண்டும். இரண்டு மாதம் கட்டியாயிற்று.